கிண்ணத்தை யார் எடுப்பது?

“நான் இங்க சாப்பிட வந்தவனா, பாத்திரம் தூக்க வந்தவனா?” என்று ஏகாம்பரம் கேட்டார்.

மாஸ்டர் அடுப்படியிலிருந்து திரும்பினாள். தனக்கும் அவருக்கும் நடுவே இருந்த மேல் பலகையைக் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

டக். டக்.

சாப்பிட்டு முடித்த கிண்ணத்தை எடுத்து இங்கே வை என்று அர்த்தம்.

ஏகாம்பரம் கிண்ணத்தைத் தொடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து போனார். கிண்ணத்தில் பாதி சூப்பு மிச்சம் இருந்தது.

சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் அந்த ஜப்பானிய ராமென் கடைக்கு அவர் வந்த முதல் நாள் அது.

*

கடை சென்னையை அடுத்த ஒரகடத்தில், கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்கு நடுவே, லாரிகள் நிற்கும் மைதானத்தை ஒட்டி இருந்தது. ஜப்பான்காரர்களை நம்பித் திறந்த கடை. விடிகாலை ஐந்தரைக்கு ஷட்டர் ஏறும். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர்களுக்கு அதுதான் ராச்சாப்பாடு.

எட்டு நாற்காலி. எட்டும் ஒரே வரிசையில், அடுப்பைப் பார்த்தபடி. எதிரெதிராக உட்கார அங்கே இடமே கிடையாது.

மாஸ்டர் பெயர் சௌந்தரி. நாற்பது ஆகவில்லை. ஜப்பான்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் பாத்திரம் கழுவச் சேர்ந்தவள். பிறகு அங்கிருந்த ஜப்பானிய சமையல்காரருக்குக் கை உதவி. பதினோரு வருஷம் கழித்து அவர் ஊருக்குத் திரும்பும்போது நூடுல்ஸ் வெட்டும் மெஷினை இவளிடம் விட்டுவிட்டுப் போனார்.

பொம்பளையைப் போய் மாஸ்டர் என்பதா என்று சிரித்தவர்கள் உண்டு. சூப்பைக் குடித்துவிட்டு அவர்களும் மாஸ்டர் என்றார்கள்.

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு கம்பெனி கேட்டில் ராத்திரிக் காவல். கல்யாணம் ஆகவில்லை. ஒரு ராத்திரி முழுக்க அவர் பேசும் வார்த்தைகள் மூன்று. ‘ஐடி கார்டு.’ ‘ரைட்டு.’ ‘போலாம்.’

*

மூன்று நாள் அவர் ராமென் கடைப் பக்கம் போகவில்லை. டீக்கடையில் பன் தின்றார். அது தொண்டையில் அடைத்தது. மூன்றாம் நாள் ஒரு மெஸ்ஸுக்குப் போனார்.

“எத்தினி பேர் சார்?” என்றான் சப்ளையர்.

“ஒருத்தன்தான்.”

சப்ளையர் நாலு பேர் உட்காரும் மேசையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

“கொஞ்சம் ஓரமா நில்லுங்க சார். ஃபேமிலி வருது.”

நாலாம் நாள் அவர் ராமென் கடையில் இருந்தார்.

அங்கே யாரும் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. வருகிற எல்லோரும் ஒருத்தர்தான்.

*

ஆறாவது நாற்காலி காலியாக இருந்தது. முன்னால் இருந்த சாப்பாட்டுப் பலகையில் கை வைத்தார். ஈரம்.

“ஈரமா இருக்குது, மாஸ்டர்.”

“இப்பதான் ஒருத்தர் எழுந்து போனாரு.”

“துடைக்கலையா?”

“துடைச்சதாலதான் ஈரம்.”

அவர் உட்கார்ந்தார். கிண்ணம் வந்தது. கோழி எலும்பு சூப்பு, மேலே பாதி முட்டை, வெங்காயத்தாள். பக்கத்து நாற்காலியில் ஒருவர் குனிந்து சத்தமாக நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் ஓரக்கண்ணால் பார்த்தார். அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

மொரிதா. அவர் காவல் காக்கும் கம்பெனிக்குத் தலைவர். ஆயிரத்து இருநூறு பேருக்கு மேலே இருக்கிறவர். ராத்திரி ஒன்பது மணிக்கு அவருடைய கார் கேட்டைத் தாண்டும்போது ஏகாம்பரம் தினமும் சல்யூட் அடிப்பார். கறுப்புக் கண்ணாடிக்குத்தான் அடிப்பார். முகத்தை நோட்டீஸ் போர்டு போட்டோவில் பார்த்திருந்தார்.

மொரிதா குடித்து முடித்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி மேல் பலகையில் வைத்தார். மூலையில் மடித்திருந்த துணியை எடுத்துத் தன் இடத்தைத் துடைத்தார். துணியை மறுபடி மடித்தார். நாற்காலியை உள்ளே தள்ளினார். அந்தக் காலி இடத்துக்கு ஒரு தடவை தலை குனிந்தார். போனார்.

கடைசி நாற்காலியில் அவருடைய டிரைவர் அஸ்கர் அவசர அவசரமாக சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா செக்யூரிட்டி, வாய மூடு. ஈ பூந்துடப் போவுது.”

“அவரே எடுக்கிறாரே…”

“நாலு வருஷமா எடுக்கிறாரு. உனக்கு மட்டும் இன்னா, தலைல கிரீடமா?”

அஸ்கரும் தன் கிண்ணத்தை மேலே வைத்தார். துடைத்தார். ஓடினார்.

ஏகாம்பரம் மிச்சச் சூப்பையும் குடித்தார். பிறகு கிண்ணத்தைத் தூக்கினார். கை கூசியது. ஒன்பது வருஷத்துக்கு முந்தின கூச்சம் அது. துணியை எடுத்துத் துடைத்தார்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தாள்.

“மூலைல வெங்காயத்தாள் ஒட்டிக்கினு இருக்குது பாருங்கண்ணா.”

அவர் அதையும் துடைத்தார்.

கேட்டில் எல்லோருக்கும் அவர் செக்யூரிட்டி. வாடகை வீட்டில் மாடி ரூம்காரர். அண்ணா என்று ஒருத்தி கூப்பிட்டது அறைக்குப் போய்ச் சேரும்வரை காதில் இருந்தது.

*

எட்டு மாதம் போனது.

அவருக்கு அங்கே ஒரு பழக்கம் வந்துவிட்டது. குச்சியால் நூடுல்ஸைத் தூக்கி, சத்தம் போட்டு உறிஞ்சக் கற்றுக்கொண்டார். தண்ணீர் ஜாடி எங்கே இருக்கிறது, துணியை எப்படி மடிப்பது, எந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை என்பதெல்லாம் தெரிந்துவிட்டது. மொரிதா பக்கத்தில் உட்கார்ந்தால் முதுகு நிமிர்வது நின்றுபோனது. மொரிதா அவரிடம் எட்டு மாதத்தில் ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தார். ‘சூடு.’ தமிழில்.

ஆனாலும் அங்கிருந்து எழுந்து அறைக்குப் போனால் அதே அறைதான். வெயில் உள்ளே வராமல் ஜன்னலில் போர்வையைக் கட்ட வேண்டும். கீழ் வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூலுக்குக் கிளம்பும் சத்தத்தில் தூங்க வேண்டும். அவர் எழுந்திருக்கும்போது அவர்கள் விளையாடிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் கேட்டார்.

“மாஸ்டர், தனியா இருக்கிறவனுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

“அந்த வெங்காயத்தாள் கட்ட இப்டித் தள்ளுங்கண்ணா.”

தள்ளினார்.

“நெசமாதான் கேக்கறேன். ஒங்கள நான் குருவா நெனச்சிக்கினு இருக்கேன்.”

“குருவும் இல்ல, குருமாவும் இல்ல. சாப்டுங்க. ஊறுது.”

*

ஒரு செவ்வாய்க்கிழமை ஏகாம்பரம் வந்து உட்கார்ந்ததும் சொன்னார்.

“நேத்து அண்ணி போன் பண்ணாங்க.”

“எந்த அண்ணி?”

“எனக்கு இருக்கிறது ஒரே அண்ணன், ஒரே அண்ணி. வாலாஜாபாத்ல. ஒன்பது வருஷமாப் பேச்சு இல்ல.”

வாலாஜாபாத் அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

“இன்னாவாம்?”

“அண்ணனுக்கு நெஞ்சுல அடைப்பு. வர்ற திங்கக்கெழம ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம மத்தியானம் என்னோட உட்கார்ந்து ஒரு வேள சாப்பிடணுமாம். அண்ணிதான் பேசினாங்க. அவரு பக்கத்துல மூச்சு வாங்கறது கேட்டுச்சு.”

“போங்க.”

“எப்டிப் போறது?”

“பஸ்ல.”

“வெளையாடாதீங்க மாஸ்டர்.”

மாஸ்டர் அவர் முன்னால் கிண்ணத்தை வைத்தாள். ஆவி எழுந்தது. அவர் ஜோடிக் குச்சியைப் பிரித்தார். சாப்பிடவில்லை. பேசினார்.

“அப்பா செத்து பதினாறாம் நாள் காரியம். அப்ப எனக்கு வேலை இல்ல. கம்பெனிய மூடிட்டாங்க. ஊருக்கே தெரியும். பந்தில மாமா, சித்தப்பா, சம்பந்தி வீட்டுக்காரங்கன்னு வரிசையா உட்கார்ந்தோம். சாப்ட்டு முடிச்சதும் அண்ணி வந்தாங்க. குனிஞ்சு ஒவ்வொரு எலையா எடுத்தாங்க. பதினாலு எலை. என் எலை கிட்ட வந்தாங்க. நின்னாங்க.”

பக்கத்தில் யாரோ நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம்.

“‘தம்பி, ஒங்க எலைய நீங்க எடுத்துடுங்க’ன்னாங்க.”

மாஸ்டர் நூடுல்ஸ் வெந்த கம்பிக்கூடையை உதறித் தண்ணீர் வடித்தாள்.

“பதினாலு பேரு எச்சில எடுத்த கைக்கு என் எலை மட்டும் கனமாப் போச்சு. சம்பாதிக்காதவன் எச்சில்தானே? எல்லாரும் பார்த்தாங்க. நான் எடுத்தேன். கொல்லைல கொண்டுபோய்ப் போட்டேன். கையக்கூடக் கழுவல. பின்பக்கமாவே ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிட்டேன். சாம்பார் கையோட. பஸ்ஸுல யார் மேலயும் படக் கூடாதேன்னு கைய ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கினே வந்தேன். காத்துல காஞ்சு போச்சு.”

அவர் வலது கையைப் பார்த்துக்கொண்டார்.

“எல்லாருக்கும் எடுத்தாங்க. எனக்கு மட்டும் ஏன் அப்டி?”

மாஸ்டர் இன்னொரு கிண்ணத்தில் சூப்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

“அன்னிக்கு ஒங்க அண்ணன் எலைய யாரு எடுத்தா?”

ஏகாம்பரம் குச்சியால் நூடுல்ஸைக் கிளறினார்.

“அவரு பரிமாறிட்டு, எங்க பந்திலயே ஓரமா கடைசி எலைல உட்கார்ந்தாரு.”

“அவரு எலைய யாரு எடுத்தா?”

“அத யாரு பார்த்தா?”

“ஒன்பது வருஷமா அந்தப் பந்தியவே பார்த்துக்கினு இருக்கீங்களே.”

அவருக்குச் சுர்ரென்று வந்தது.

மாஸ்டர் பலகை மேலாக எட்டி அவர் கிண்ணத்துக்குள் பார்த்தாள். நூடுல்ஸ் கயிறு மாதிரி ஊதிப் போயிருந்தது.

“சூப்பு எங்க?”

“நூடுல்ஸ் குடிச்சிருச்சு.”

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் அந்த ஊறிப்போனதை ஒரு வாய் விடாமல் தின்றார். கிண்ணத்தை மேலே வைத்தபோது சத்தம் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது.

*

புதன்கிழமை அவர் நூடுல்ஸ் ஊறுவதற்கு முன்பே சாப்பிட்டு முடித்தார். துணியை மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

“நான் கேட்டது மரியாதை, மாஸ்டர். வேற ஒண்ணும் கேக்கல. என் எச்சில இன்னொருத்தர் ஒரு வாட்டி எடுக்கணும். அவ்ளோதான். அது கெடைக்காத எடத்துக்கு எதுக்குப் போவணும்?”

“சரி.”

“இன்னா சரி?”

“நாளைக்கி வாங்க.”

*

வியாழக்கிழமை அவர் உள்ளே நுழைந்ததும் மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வாங்க சார்.”

ஏகாம்பரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

“உட்காருங்க சார்.”

அவள் அடுப்படியிலிருந்து சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். எட்டு மாதத்தில் அவள் கால்களை அவர் பார்த்தது அன்றுதான். ரப்பர் செருப்பு. ஆறாவது நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள். பலகையைக் காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்து, மேலே வெள்ளைப் பேப்பர் விரித்தாள். ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கையருகே வைத்தாள். கிண்ணத்தைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்து இரண்டு கையாலும் வைத்தாள்.

அஸ்கர் சிரித்தார்.

“இன்னா மாஸ்டர், செக்யூரிட்டிக்குப் பொறந்த நாளா?”

“விருந்தாளி” என்றாள் மாஸ்டர்.

அஸ்கர் சிரிப்பை நிறுத்தினார். அவளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“அப்டியா? சாப்டுங்க சார்” என்றார். தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

மொரிதாவும் பார்த்தார். முழங்கையை ஒடுக்கிக்கொண்டு இடம் விட்டார். புதிதாக வந்தவருக்கு விடுகிற மாதிரி.

ஏகாம்பரம் சாப்பிட்டார். உறிஞ்சும் சத்தம் வெளியே வரவில்லை. வாய்க்குள்ளேயே மென்றார்.

“போதுமா சார்? இன்னும் கொஞ்சம் சூப்பு வக்கட்டுமா சார்?”

“போதும்.”

முடிந்தது. கிண்ணத்தைத் தூக்க அவர் கை எழுந்தது. அதற்கு முன் அவள் கை வந்துவிட்டது.

“இருக்கட்டும் சார். நீங்க எதுக்கு?”

அவர் கை இரண்டும் காற்றில் நின்றன. எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார்.

அவள் பேப்பரைச் சுருட்டினாள். துடைத்தாள். காய்ந்த துணியால் மறுபடி ஒரு தடவை. பலகையில் ஈரம் இல்லை. அவர் அங்கே சாப்பிட்டதற்கு ஓர் அடையாளமும் இல்லை.

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மறுபடி வாங்க சார்.”

எட்டு மாதத்தில் யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. தினமும் வருகிறவனிடம் யார் மறுபடி வா என்பார்கள்?

*

அன்று அவர் தூங்கவில்லை. ஜன்னல் போர்வைக்குப் பின்னால் வெயில் ஏறிக்கொண்டே போனது.

கேட்டது கிடைத்திருந்தது. காய்ந்த துணியால் துடைத்து, தட்டில் ஏந்தி, முழுசாகக் கிடைத்திருந்தது. நெஞ்சு நிறைய வேண்டிய நேரத்தில், பஸ் போன பிறகு ஸ்டாப்பில் நிற்கிறவன் மாதிரி இருந்தது.

கீழ் வீட்டில் ஒரு சிறுமி இன்னொருத்தியைப் பார்த்துக் கத்தினாள். “உன் தட்ட நீ எடுறீ. நான் இன்னா உன் வேலைக்காரியா?”

அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். அவர் சத்தம் போட்டுச் சண்டை பிடித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அதற்கும் இன்னொரு ஆள் வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போகவில்லை. பன் தின்றார்.

*

சனிக்கிழமை போனார்.

“வாங்க சார்” என்றாள் மாஸ்டர்.

“வேணாம் மாஸ்டர்.”

“உட்காருங்க சார்.”

நாற்காலி, பேப்பர், தண்ணீர், தட்டு. எல்லாம் வந்தது. அவர் சாப்பிட்டார். மொரிதா எழுந்தார். கிண்ணத்தை வைத்தார். துடைத்தார். அஸ்கர் எழுந்தார். கிண்ணத்தை வைத்தார். துடைத்தார். கடைக்கோடியில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத ஒருவர் எழுந்தார். அவரும் வைத்தார். அவரும் துடைத்தார்.

மாஸ்டர் ஏகாம்பரத்தின் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள்.

அவர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“நான் இன்னா தப்புப் பண்ணேன்?”

“ஒண்ணும் இல்லியே சார்.”

“எல்லாரும் அவங்கவங்களுத எடுக்கிறாங்க இல்ல? எனக்கு மட்டும் ஏன் இப்டி?”

சொல்லி முடித்ததும் அது அவர் காதிலேயே விழுந்தது.

அந்த வார்த்தைகளை அவருக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும். செவ்வாய்க்கிழமைகூட இதே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருந்தார்.

மாஸ்டர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கரண்டியை எடுத்தாள்.

டக். டக்.

ஏகாம்பரம் கிண்ணத்தைத் தூக்கி மேல் பலகையில் வைத்தார். பேப்பரைச் சுருட்டிப் போட்டார். மூலையிலிருந்து ஈரத் துணியை எடுத்தார். அவசரமில்லாமல், மூலை முடுக்கெல்லாம் துடைத்தார்.

“அண்ணா” என்றாள் மாஸ்டர்.

“இன்னா?”

“போறப்ப கதவ நல்லா இழுத்து மூடுங்க. நாய் வருது.”

கதவை இழுத்து மூடிவிட்டு வெளியே நின்று போன் போட்டார்.

“அண்ணி, ஏகாம்பரம் பேசறேன். நாளைக்கி வர்றேன்.”

அந்தப் பக்கம் ‘தம்பி வர்றாராம்’ என்று அண்ணனிடம் சொல்வது கேட்டது. பிறகு, “இலை வாங்கி வக்கிறேன் தம்பி” என்றார் அண்ணி.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாலாஜாபாத் வீட்டுக் கூடத்தில் இரண்டு இலை போட்டிருந்தது. பக்கத்தில் பக்கத்தில்.

அண்ணன் தயாளன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சட்டை அவர் மேல் தொங்கியது.

“எளச்சுட்டியேடா” என்றார் தம்பியைப் பார்த்து.

“நீ மட்டும்?”

அண்ணி பரிமாறினார். அண்ணன் இலையில் எல்லாவற்றிலும் உப்புக் குறைச்சல். அவர் ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார். தம்பி இலையில் இருந்த ஊறுகாயைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். மறுபடி ஊறுகாயைப் பார்த்தார்.

“கண்ணாலயே தின்னுடுவாரு” என்றார் அண்ணி.

ஏகாம்பரம் ஊறுகாயை அண்ணனுக்கு எட்டாத ஓரத்துக்கு நகர்த்தினார். தன்னை அறியாமல் ரசத்தைச் சத்தம் போட்டு உறிஞ்சினார்.

“இதெங்கடா கத்துக்கினே?”

“ஒரகடத்துல.”

அண்ணன் ஓசையில்லாமல் சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கியது. மோர் வந்தது. முடிந்தது. அண்ணன் இடது கையை ஊன்றி மெதுவாக எழுந்து, அண்ணியைத் தாண்டிப் பின்பக்கம் போனார்.

ஏகாம்பரம் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அண்ணி வந்தார். நின்றார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடம். இந்தத் தடவை அவர் கண் பயந்திருந்தது. அவசரமாகக் குனிந்தார்.

“நீங்க இருங்க தம்பி. நான் எடுக்கறேன்.”

ஏகாம்பரம் இலையின் மேல் கையை வைத்தார்.

“நான் இன்னா விருந்தாளியா அண்ணி?”

அண்ணி குனிந்தபடியே அவர் முகத்தைப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விலகினார்.

அவர் இலையை மடித்தார். எடுத்துக்கொண்டு எழுந்தார். பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இலை இல்லை. தரையில் இலை கிடந்த ஈரச் சதுரம் மட்டும் இருந்தது.

கொல்லைப்பக்கம் வந்தார்.

தொட்டி ஓரத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மடித்த எச்சில் இலை. இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு. சொம்பிலிருந்து தண்ணீர் தளும்பியது.

அன்றும் அவர் இப்படித்தான், இதே இடத்தில், ஒரு கையில் தன் இலையும் ஒரு கையில் சொம்புமாக நின்றிருந்தார். கண்ணில் பட்டதை மனதில் வாங்காமல் ஏகாம்பரம் அவரைத் தாண்டிப் போயிருந்தார்.

“எவ்ளோ நேரம்டா நிக்கறது?” என்றார் அண்ணன். “கைய நீட்டு.”